டெட்லிஃப்டில் ராடு தரையை விட்டு எழ மறுக்கிறது: குறை காலிலா, முதுகிலா, முறையிலா?

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வசிக்கிறேன். வயது 34, உடல் எடை 74 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். காலை 6 மணிக்கு வீட்டுக்கு அருகில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் ஜிம்முக்குப் போய் வந்து, பிறகு காட்கோபரில் மெட்ரோ பிடித்து அந்தேரியில் உள்ள அலுவலகத்துக்குச் செல்வது என் வழக்கம். தரையில் கிடக்கும் எடை பூட்டிய இரும்பு ராடைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் டெட்லிஃப்ட் பயிற்சியை மூன்று ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் 60 கிலோவில் தொடங்கி 140 கிலோவரை சீராக ஏறிய எடை, கடந்த பதினொரு மாதங்களாக அதே 140இல் நின்றுவிட்டது.

நிற்கும் விதம்தான் எனக்குப் புரியவில்லை. 150 கிலோ ஏற்றினால் ராடு தரையோடு ஆணி அடித்தாற்போல் அசையாமல் கிடக்கிறது. 145 வைத்தால் என் பிட்டம் மட்டும் மேலே எழுகிறது, ராடு எழுவதில்லை. ஆனால் எப்படியாவது ஒரு விரற்கடை எழுந்துவிட்டால், அதன்பின் முழங்காலைத் தாண்டுவதோ முழுமையாக நிமிர்ந்து நிற்பதோ எனக்கு ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை. தட்டுகளுக்கு அடியில் ரப்பர் கட்டைகளை வைத்து 8 செ.மீ. உயர்த்திக்கொண்டால் 165 கிலோவை முதுகு வளையாமல் தூக்குகிறேன். ஆகவே என் குறை முழுவதும் தரையிலிருந்து முதல் நான்கைந்து செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போதைய பயிற்சி முறையையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை 110 கிலோவில் ஐந்து செட், ஒவ்வொன்றிலும் ஐந்து ரெப் (ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்). கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் சத்தத்துக்கு ஆட்சேபிப்பதால், ராடைத் தரையில் வைத்து நிறுத்தாமல் லேசாகத் தொட்டுவிட்டு உடனே அடுத்த ரெப்புக்குப் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை அதிகபட்ச எடையை முயன்று பார்ப்பேன். ராடைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் என் அதிகபட்சம் 105 கிலோ. ஜிம்மில் இருக்கும் 20 கிலோ வார்ப்பிரும்புத் தட்டுகளைப் பயன்படுத்துகிறேன். ஓட்டத்துக்கு வாங்கிய ஷூவையே அணிகிறேன்.

எங்கள் பயிற்சியாளர் இரண்டு அறிவுரைகள் தந்தார். ஸ்குவாட் செய்வதுபோல் நன்றாக உட்கார்ந்து தூக்க வேண்டும் என்பது ஒன்று. தொடக்கத்திலேயே வெடுக்கென்று வேகமாக இழுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் பல வாரங்கள் மனமார முயன்றும் பலன் கிடைக்கவில்லை. தட்டின் மேல் ஏறி நின்று இன்னும் தாழ்வான நிலையிலிருந்து இழுக்கும் பயிற்சியைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


முலுண்ட்63 எழுதியது:

வணக்கம். நான் டெட்லிஃப்டும் ஸ்குவாட்டும் இடம்பெறும் பவர்லிஃப்டிங் விளையாட்டில் பெண்களுக்கான 63 கிலோ எடைப் பிரிவில் போட்டியிடுபவள். நீங்கள் விவரங்களை மறைக்காமல் எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. தாழ்வான நிலையிலிருந்து இழுக்கும் பயிற்சியைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது என் ஐயம்.

போட்டிகளில் பயன்படும் பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ. எனவே ராடின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். டெட்லிஃப்டைப் பற்றி நாம் பார்க்கும் காணொளிகள், படிக்கும் குறிப்புகள், ஒப்பிடும் எடைகள் எல்லாம் இந்த உயரத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் நம் ஊர் ஜிம்களில் இருக்கும் பழைய வார்ப்பிரும்புத் தட்டுகளுக்கு அப்படி ஒரே அளவு கிடையாது. 20 கிலோ என்று பொறித்திருக்கும் தட்டே 45 செ.மீ.க்குக் கணிசமாகக் குறைவாக இருப்பதை நான் பல இடங்களில் அளந்து பார்த்திருக்கிறேன். தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்றை நாளைக் காலை எடுத்துச் சென்று தட்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். குறையும் அளவில் பாதி, நீங்கள் கூடுதலாகக் குனிய வேண்டிய தூரம்.

ஓட்ட ஷூவையும் இதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதன் நுரை அடிப்பாகம் உங்களைத் தரையிலிருந்து உயர்த்துகிறது; ராடோ உயர்வதில்லை. அதுமட்டுமன்றி, தரையை உதைக்கும் விசையில் ஒரு பகுதியை அந்த நுரை அமுங்கி வாங்கிக்கொள்வதோடு, குதிகால் உயர்ந்திருப்பதால் உடல் எடையும் முன்பாதத்தை நோக்கிச் சாய்கிறது. தரையிலிருந்து கிளப்ப முடியாதவருக்கு இதைவிடப் பொருந்தாத காலணி வேறில்லை. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்கு அணிவித்தார்களே, மெல்லிய தட்டையான ரப்பர் அடியுள்ள வெள்ளைக் கான்வாஸ் ஷூ, அதுவே போதும்.

இவ்விரண்டையும்விட முக்கியமான காரணம் உங்கள் திங்கட்கிழமைப் பயிற்சியில் இருக்கிறது. ராடு தரையைத் தொட்டவுடன் அடுத்த ரெப்பைத் தூக்கும்போது, இறங்கிவந்த தசைகள் நீட்டப்பட்டு இறுகிய நிலையில் இருக்கின்றன. தட்டுகள் தரையில் பட்டு எழும்பும் சிறு துள்ளலும் கைகொடுக்கிறது. அசைவற்றுக் கிடக்கும் எடையைக் கிளப்பும் வேலை முதல் ரெப்பில் மட்டுமே நடக்கிறது. ஐந்து செட்டில் 25 ரெப் செய்தாலும், உங்கள் குறை எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கிடைக்கும் பயிற்சி ஐந்து ரெப் மட்டுமே. மீதி இருபதும் உங்களுக்கு ஏற்கெனவே நன்றாக வரும் மேல்பகுதியைத்தான் வலுப்படுத்தியிருக்கின்றன. கட்டையின் மேலிருந்து 165 வருவதும் தரையிலிருந்து 150 வராததும் இதனால் இயல்பாகவே விளங்குகிறது.

சத்தம் வராமல் இருப்பதற்கு ராடை நிறுத்தாமல் இருக்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டோடு இறக்கி வைத்து, கையை எடுக்காமல் ஒரு முழு நொடி அசைவில்லாமல் விட்டு, வயிற்றை மறுபடி இறுக்கிக்கொண்டு அடுத்த ரெப்பைத் தொடங்குங்கள். சொல்லப்போனால் அவசரமாகத் தொட்டுத் தூக்குவதைவிட இதில்தான் சத்தம் குறைவு.


வேலூர்க்காரர் எழுதியது:

தம்பி, நான் வேலூரிலிருந்து மும்பைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. இளமையில் பவர்லிஃப்டிங் அல்ல, ஒலிம்பிக் பளுதூக்குதல் பழகியவன். எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து புறப்பட்ட சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றபோது, என்னைப்போல் வெளியூரில் கிடந்த வேலூர்க்காரர்கள் எல்லாம் பெருமைப்பட்டோம். அந்த விளையாட்டில் ராடு தரையை விட்டுக் கிளம்புவதை முதல் இழுப்பு என்று தனியாகப் பிரித்தே சொல்லித்தருவார்கள். அதில் நான் கற்றதிலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

வெடுக்கென்று இழு என்ற அறிவுரையை முதலில் கைவிட்டுவிடு. ராடின் நுனிக்கும் தட்டின் துளைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருக்கும். நீ மெதுவாகக் கையை இறுக்கி ராடை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால், தட்டு அசையாமலேயே அந்த இடைவெளி அடைபட்டு 'டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். ராடும் மிகச் சிறிதளவு வளைந்துகொடுக்கும். உன் கைகள், தோள்கள், முதுகு, இடுப்பு ஆகிய எல்லாம் ஒரே வடமாக முறுக்கேறுவது அந்த நேரத்தில்தான். கிணற்றில் வாளியை இறக்கியவர்கள் கயிற்றின் தொய்வை முதலில் வாங்கிக்கொண்டுதான் இழுப்பார்கள். தொய்வோடு வெட்டி இழுத்தால் கயிறு கையை அறுக்கும். அதேபோல் தொய்வோடு நீ வெட்டி இழுக்கும்போது முழங்கை மடங்கி, முதுகு வளைந்து, பிட்டம் எழுந்து, அந்தக் குலைந்த நிலையில் 145 கிலோவைச் சந்திக்கிறாய். தேறியவர்களுக்கு வேகமான தொடக்கம் உதவும் என்பது உண்மையே. ஆனால் அவர்களும் தொய்வை வாங்கிய பிறகே வேகம் எடுப்பார்கள். எங்கள் விளையாட்டில் முழங்கால்வரை நிதானமாகக் கொண்டுவந்து, அதற்கு மேல்தான் வெடிப்பைக் காட்டுவோம்.

அடுத்தது, உட்கார்ந்து தூக்கும் செய்தி. ஸ்குவாட் போலப் பிட்டத்தை மிகவும் தாழ்த்தினால் முழங்கால் முன்னே வந்து கணைக்கால் சாய்கிறது. ராடு முன்னே தள்ளப்பட்டுப் பாதத்தின் நடுப்பகுதியை விட்டு விரல்களின் மேல் போய்விடுகிறது. தோளோ ராடுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. கனமான ராடு அந்த நிலையில் கிளம்பாது. தோள் ராடுக்குச் சற்று முன்னால் வரும்வரை உன் உடல் தானாகவே பிட்டத்தை உயர்த்திச் சரிசெய்துகொள்ளும். அதைத்தான் பிட்டம் மட்டும் எழுகிறது என்று நீ எழுதியிருக்கிறாய் என்று எண்ணுகிறேன். அப்படியானால் பிட்டம் எங்கே போய் நிற்க விரும்புகிறதோ அங்கிருந்தே தொடங்குவதுதான் முறை. பளுதூக்கும் வீரர்கள் தாழ்ந்து உட்காருவதைப் பார்த்து உன் பயிற்சியாளர் சொல்லியிருக்கலாம். ராடைப் பிற்பாடு மார்புவரை கொண்டுபோக வேண்டிய எங்களுக்கு முதுகு நிமிர்ந்திருப்பது அவசியம். நிமிர்ந்து நிற்பதோடு வேலை முடியும் உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆகவே இப்படிச் செய்து பார். ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்குமாறு நில். கணைக்காலுக்கும் ராடுக்கும் இடையே சுமார் ஓர் அங்குலம் இருக்கும். இடுப்பில் மடங்கிக் குனிந்து ராடைப் பிடி. ராடை நகர்த்தாமல், கணைக்கால் ராடைத் தொடும் அளவுக்கு மட்டும் முழங்காலை வளை. அதற்கு மேல் ஓர் இழைகூடத் தாழாதே. அந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்து; பிட்டத்தை இறக்கி நெஞ்சை நிமிர்த்தாதே, மேல்முதுகை இறுக்கி நிமிர்த்து. அக்குளில் ஒரு செய்தித்தாளை இடுக்கிப் பிடித்திருப்பதாக எண்ணிக்கொண்டால் முதுகின் பக்கவாட்டுத் தசைகள் இறுகி ராடைக் காலோடு ஒட்டவைக்கும். பிறகு ராடை இழுப்பதாக நினைக்காமல், இரு பாதங்களாலும் தரையைக் கீழே அழுத்தித் தள்ளுவதாக நினை. கணைக்கால் பின்னே நகர, ராடு அதை உரசியபடி எழ வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பின்பும் பிட்டம் முந்தினால் முன்தொடை வலுவில்லை என்று பொருள். 140 தூக்குபவனுக்கு 105 ஸ்குவாட் குறைவுதான் தம்பி.


செம்பூர்வாசி எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றுக் காலை நாடாவோடு போனேன். எங்கள் ஜிம்மின் 20 கிலோ தட்டின் விட்டம் 38 செ.மீ. ராடின் மையம் 19 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது, அதாவது 3.5 செ.மீ. தாழ்வு. ஷூவின் அடிப்பாகத்தை நடுவில் அளந்தபோது ஏறக்குறைய 2.5 செ.மீ. இருந்தது. ஆக, பதினொரு மாதங்களாக நான் 6 செ.மீ. பள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ராடையும் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 20 கிலோ என்று எல்லோரும் நம்பியிருந்த அது 18 கிலோதான்.

காணொளி எடுத்துப் பார்த்ததில் வேலூர்க்காரர் ஐயா சொன்னது அப்படியே தெரிந்தது. 130 கிலோவில், ராடு கிளம்பும் முன்பே பிட்டம் ஒரு சாண் எழுகிறது. அதே நேரத்தில் ராடு இரண்டு மூன்று செ.மீ. முன்னே உருண்டு, கணைக்காலை விட்டு விலகுகிறது. கணைக்கால் ராடைத் தொடும் இடத்தோடு நிறுத்திக்கொண்டு 100 கிலோவைத் தூக்கியபோது எடை குறைந்துவிட்டதுபோல் உணர்ந்தேன்.

இன்னொரு செய்தியையும் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகபட்ச எடையை முயன்ற பிறகு, இரண்டு நாள்களுக்கு இடுப்புக்கு மேலே இடப்பக்கம் இறுக்கமாக இருக்கும். அலுவலகத்தில் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது அது அதிகமாகத் தெரிகிறது. இதைப் பொருட்படுத்த வேண்டுமா?


சயான்_இயன்முறை எழுதியது:

சயானில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். பளு தூக்குபவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். நேரில் பரிசோதிக்காமல் உங்கள் முதுகைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். இறுக்கம் இடுப்புப் பகுதியிலேயே தங்கி, நடமாடினால் குறைந்து, இரண்டு மூன்று நாளில் மறைந்துவிட்டால் பெரும்பாலும் தசைகளின் களைப்பாக இருக்கும். வலி பிட்டத்தைத் தாண்டித் தொடைக்கும் காலுக்கும் இறங்கினாலோ, காலில் மரத்துப்போதல் அல்லது வலுக்குறைவு தோன்றினாலோ, உடனே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடைகளின் உட்புறத்திலும் மலவாய்ப் பகுதியிலும் உணர்வு குறைவதோ, சிறுநீர் மலம் கழிப்பதில் மாற்றம் ஏற்படுவதோ அவசர சிகிச்சைக்குரிய அறிகுறிகள். அவற்றில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது.

ராடு இரண்டு மூன்று செ.மீ. முன்னே உருள்கிறது என்று எழுதியிருப்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 140 கிலோ எடை உங்கள் இடுப்பு மூட்டிலிருந்து 3 செ.மீ. கூடுதலாக விலகினால், ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் 4 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையைத் தொங்கவிட்டதற்கு இணையான திருகுவிசை கூடுதலாகச் சேர்கிறது. ஏற்கெனவே எல்லைவரை உழைத்துக்கொண்டிருக்கும் இடுப்பும் முதுகும்தான் அந்த மிகுதியையும் தாங்க வேண்டும். அதோடு, பிட்டம் முன்கூட்டியே எழும்போது முழங்கால் நிமிர்ந்துவிடுவதால், தொடக்கத்தில் பங்களிக்க வேண்டிய முன்தொடைத் தசைகள் தம் வேலையை எடையைத் தூக்காமலேயே செலவழித்துவிடுகின்றன. உங்கள் வெள்ளிக்கிழமை இறுக்கத்துக்கு இதுவே போதிய காரணமாகலாம்.

வயிற்றை இறுக்குவதைப் பற்றி ஒரு சொல். பலர் நெஞ்சில் மூச்சை நிரப்பித் தோளை உயர்த்திக்கொள்கிறார்கள். மூச்சு அடிவயிற்றுக்கும் விலாவின் இருபுறத்துக்கும் பின்புறத்துக்கும் செல்ல வேண்டும். யாரோ வயிற்றில் குத்த வரும்போது இறுக்கிக்கொள்வதுபோல் அதன்மேல் இறுக்க வேண்டும். குனிந்த நிலையில் முழு மூச்சு எடுப்பது சிலருக்குக் கடினமாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் நின்றபடியே மூச்சை நிரப்பிக்கொண்டு குனியலாம். ஆனால் கீழே நெடுநேரம் தாமதித்தால் அந்த இறுக்கம் வீணாகிவிடும். பெல்ட் அணிபவர் என்றால் ஸ்குவாட்டுக்கு அணிவதைவிட ஒரு விரல் மேலே ஏற்றி அணிந்து பாருங்கள். குனியும்போது இடுப்பெலும்பில் இடிக்காது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பிறரின் நிலையை அப்படியே நகலெடுக்க வேண்டாம் என்பதற்கு நான் என் நோயாளிகளிடம் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்கரான லமார் கான்ட் 1985இல் தம் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கை டெட்லிஃப்டில் தூக்கிய முதல் மனிதர் ஆனார். அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. கைகளோ மிக நீளமானவை. அவருடைய தொடக்க நிலை அவருடைய எலும்புகளுக்கு உரியது. நீண்ட தொடையும் குட்டையான கையும் உடையவருக்குப் பிட்டம் உயர்ந்தும் முதுகு அதிகம் சாய்ந்தும்தான் இருக்கும், அது பிழையன்று.


தாராவி_சுமோ எழுதியது:

கால்களை அகல விரித்துத் தூக்கும் சுமோ முறைக்கு மாறிவிடலாமே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். நான் ஆறு ஆண்டுகளாக அந்த முறையில் தூக்குபவன் என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கிறேன். சுமோவில் மேலே நிமிர்வது பொதுவாக எளிது. தரையை விட்டுக் கிளப்புவதுதான் கடினம். உங்களுக்கு இருப்பது நேர்மாறான தேவை. இடுப்பு மூட்டு அகல விரிவதற்கு வசதியாக இருந்தால் மிதமான எடையில் ஒரு மாதம் பழகிப் பார்ப்பதில் தவறில்லை, முன்தொடைக்கும் அது நல்ல வேலை கொடுக்கும். ஆனால் இப்போதைய முட்டுக்கட்டையிலிருந்து தப்புவதற்காக மாறினால், அதே முட்டுக்கட்டையை இன்னும் அகலமான நிலையில் சந்திப்பீர்கள்.


முலுண்ட்63 எழுதியது:

6 செ.மீ. என்பது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். இது உங்களுக்கு நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ராடின் 2 கிலோ குறைவைக் கழித்தாலும் அந்தப் பள்ளத்திலிருந்து 138 கிலோவைக் கிளப்பும் உடல் பலவீனமான உடல் அல்ல.

உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். தச்சரிடம் 18 மி.மீ. கனமுள்ள பிளைவுட் பலகையில் தட்டுகள் அமரும் அளவுக்கு நான்கு துண்டுகள் வெட்டி வாங்கி, பக்கத்துக்கு இரண்டாக அடுக்கினால் 3.6 செ.மீ. கிடைக்கும். பலகை தட்டுகளுக்கு அடியில் மட்டும்தான் இருக்க வேண்டும், உங்கள் பாதத்துக்கு அடியில் அல்ல. இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று திருகாணியால் இணைத்துவிடுங்கள். ராடு உருளாமல் இருக்க மேலே மெல்லிய ரப்பர் பாய் ஒட்டலாம். சத்தமும் அடங்கும். ஜிம் நிர்வாகி இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமைகளில் அதிகபட்ச எடையை முயல்வதை எட்டு வாரங்களுக்கு முற்றிலும் நிறுத்திவிடுங்கள். வாரந்தோறும் பரீட்சை எழுதுகிறவனுக்குப் படிக்க நேரம் கிடைக்காது; நீங்கள் பதினொரு மாதங்களாகத் தோல்வியடையும் அசைவையே வாரம் ஒருமுறை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை, பலகையின் மேல் வைத்து, ஒவ்வொரு ரெப்பையும் நிறுத்தி நிறுத்தி, 105 கிலோவில் ஐந்து செட், மும்மூன்று ரெப். எல்லா ரெப்பிலும் பிட்டமும் தோளும் ஒன்றாக எழுகின்றன என்று காணொளி காட்டினால் மட்டும் அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூட்டுங்கள். நான்கு வாரங்களுக்குப் பிறகு ஒரு வாரம் எடையையும் செட்டையும் பாதியாக்கி உடலை ஆற்றிவிட்டு மீண்டும் தொடருங்கள். அதே நாளில் ஸ்குவாட், ராடைக் கழுத்துக்கு அருகில் உயர்த்தி வைத்து, அடியில் இரண்டு நொடி நின்று எழும் வகை, நான்கு செட், ஐந்து ரெப்.

வெள்ளிக்கிழமைக்கு உங்கள் குறைக்கென்றே ஒரு பயிற்சி உண்டு. 90 கிலோவைத் தரையிலிருந்து மூன்று நான்கு செ.மீ. மட்டும் உயர்த்தி, அங்கேயே இரண்டு நொடி அசையாமல் நிறுத்தி, பிறகு மேலே கொண்டுபோங்கள். நான்கு செட், மும்மூன்று ரெப் போதும். எடை சிறியதாகத் தோன்றும். ஆனால் அந்த உயரத்தில் நிறுத்தும்போது ராடு சற்று முன்னே போனாலும், பாதத்தின் அழுத்தம் விரல்களுக்கு நகர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும். பொய்யான தொடக்க நிலையிலிருந்து அப்படி நிறுத்தவே முடியாது. டெட்லிஃப்டில் நான் கற்ற மிகப் பெரும்பகுதியை இந்த ஒரு பயிற்சியிலிருந்தே கற்றேன் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அதன்பின் ராடைத் தோளின் முன்பக்கம் தாங்கும் முன்பக்க ஸ்குவாட் மூன்று செட்டும், மார்பைப் பலகையில் சாய்த்து எடையை உடலை நோக்கி இழுக்கும் ரோயிங் மூன்று செட்டும் செய்து முடியுங்கள். குனிந்து நின்று ரோயிங் செய்தால் இடுப்புத் தசை வீணாகக் களைத்துவிடும்.

தட்டின் மேல் ஏறி நின்று இழுக்கும் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். உயரம் சரியான நிலையில் உங்கள் அசைவு நிலைபெற்ற பிறகு, இரண்டரை செ.மீ. தாழ்வில், அதிகபட்ச எடையில் 70 சதவீதத்துக்கு மிகாமல் சேர்த்துக்கொள்ளலாம். 6 செ.மீ. பள்ளத்தில் உங்களால் முதுகை நிலைநிறுத்த முடியவில்லை என்பதை உங்கள் காணொளியே காட்டிவிட்டது. கட்டுப்படாத ஆழத்தில் வலிமை வளராது, வளைந்த முதுகோடு இழுக்கும் பழக்கம்தான் வளரும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உடல் எடை ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில் உங்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் வேண்டும் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.


செம்பூர்வாசி எழுதியது:

எட்டு வாரங்கள் முடிந்துவிட்டதால், இதே சிக்கலோடு பின்னாளில் வருபவர்களுக்குப் பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

பலகையும் கான்வாஸ் ஷூவும் முதல் வாரமே வந்துவிட்டன. தொடக்கத்தில் 105 கிலோவை நிறுத்தி நிறுத்தித் தூக்குவது, முன்பு 110ஐத் தொட்டுத் தூக்கியதைவிடக் கடினமாக இருந்தது. மூன்றாவது வாரம் எடையைக் கூட்ட முடியவில்லை. ஒவ்வொரு செட்டிலும் கடைசி ரெப்பில் பிட்டம் முந்துவதைக் காணொளி காட்டியதால் அதே எடையில் இன்னொரு வாரம் நின்றேன். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் இரண்டு நொடி என்பது எவ்வளவு நீளமானது என்று இப்போது தெரிகிறது. அந்தப் பயிற்சியில்தான் ஒரு நாள் என் பாதம் முழுவதும் தரையில் பதிந்திருப்பதையும், ராடு கணைக்காலோடு உரசி எழுவதையும் முதன்முதலாகத் தெளிவாக உணர்ந்தேன். வெள்ளிக்கிழமைக்குப் பிந்தைய இடுப்பு இறுக்கம் ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு வரவில்லை. ஸ்குவாட்டில் 112.5 தூக்கிவிட்டேன்.

இடையில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. காற்றில் இருக்கும் ஈரத்தில் உள்ளங்கை வழுக்குவதால், ராடு கிளம்பும் தருணத்திலேயே விரல்கள் திறக்கின்றன. விரல் திறப்பதை உணர்ந்தவுடன் உடல் முழுவதும் தயங்குகிறது. எங்கள் ஜிம்மில் சாக் தூளுக்கு அனுமதியில்லை என்பதால், கையில் தேய்த்தால் உலர்ந்துவிடும் திரவ வகையைக் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரு கையைத் திருப்பிப் பிடிக்கும் முறையும் பழகுகிறேன். திருப்பிய கையில் முழங்கை சிறிதும் மடங்கக்கூடாது, மடங்கினால் புயத்தின் முன்தசை கிழியும் ஆபத்து உண்டு என்று சயான் மருத்துவர் தனிச்செய்தியில் எச்சரித்ததால், அதை இப்போதைக்கு 120 கிலோவுக்குள் மட்டுமே வைத்திருக்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை 22.5 செ.மீ. உயரத்தில், நிறுத்துப் பார்த்த ராடோடு, 148 கிலோ எழுந்தது. கிளம்பியபோது வேகம் இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. பிட்டம் சிறிது முந்தியது. பழைய காணொளியில் ஒரு சாண் இருந்தது, இதில் மூன்று விரற்கடைதான் இருக்கும். 153 வைத்துப் பார்க்கும் ஆசை இருந்தும் அன்று அத்தோடு இறங்கிவிட்டேன். அடுத்த எட்டு வாரங்களுக்குத் தொடக்க எடையை 110 என்று வைக்கலாமா, 112.5 என்று வைக்கலாமா என்பதை முலுண்ட்63 சொன்னால் அதன்படி செய்கிறேன்.


முலுண்ட்63 எழுதியது:

110. மூன்று விரற்கடை ஒரு விரற்கடையான பிறகு 112.5.